காய்ச்சல் விட்ட பிறகு: நோயிலிருந்து எழுந்தவர்களுக்கும் அவர்களை வைத்துப் பார்க்கிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

குடாநாட்டின் அன்பான குடும்பங்களுக்கு,

மாரி தொடங்கினால் எங்கள் ஊர்களில் காய்ச்சலும் தொடங்கும். ஐப்பசியில் ஏறி, மார்கழி தையில் உச்சத்துக்குப் போய், மாசிப் பனியோடு மெல்லத் தணியும். 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் டெங்கு யாழ்ப்பாண மாவட்டத்தை ஆட்டிவைத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு முன் 2021இல் கொவிட்டின் டெல்டா அலை. அதற்கும் முன், 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டுண்ட பிறகு வந்த மாரியில், பனடோலுக்கே தட்டுப்பாடாக இருந்த நாட்களில், சிக்குன்குன்யா. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடந்தவர்களை அன்று பார்த்தவர்கள் இன்றும் சொல்லுவார்கள்.

காய்ச்சலைப் பற்றிச் சொல்ல உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். சுகாதாரப் பரிசோதகர் வளவுக்குள் வந்து சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு எல்லாம் பார்த்துவிட்டுப் போகிறார். விடுதியில் தாதிமார் மணிக்கணக்கில் சலத்தை அளந்து எழுதுகிறார்கள். ஆனால் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதைப் பற்றி அநேகமாக யாரும் உங்களோடு இருந்து கதைப்பதில்லை. இந்த மடல் அந்தக் காலத்தைப் பற்றியது. காய்ச்சல் விட்ட சில நாட்களிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம் வரைக்கும் உடம்பின் சுரப்பிகளில் நடக்கக்கூடிய மாற்றங்களைப் பற்றியது.

குடும்ப மருத்துவராக நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது: "டொக்டர், காய்ச்சல் மாறீட்டுது. ஆனா ஏலாமக் கிடக்குது." பக்கத்தில் இருக்கும் அம்மாவோ மாமியோ சேர்த்துச் சொல்லுவார்: "ஆட்டுக்கால் சூப், முட்டை, எல்லாம் குடுக்கிறம். எழும்புதில்லை." சில வீடுகளில் நாவூறு கழித்தாயிற்று. சில வீடுகளில் பிள்ளையைச் சோம்பேறி என்று பேசியாயிற்று. இரண்டும் அந்த உடம்புக்குள் நடப்பதைத் தொடுவதில்லை.

மேலே போவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரந்தான் ஆபத்தான நேரம். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடல் சூடு இறங்கும். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவது அப்போதுதான். அந்த நேரத்தில் வயிற்று நோ, ஓயாத வாந்தி, முரசில் இரத்தம், கை கால் குளிர்தல் எதுவும் கண்டால் இந்த மடலை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நான் இனி எழுதப்போவது அந்தக் கண்டம் தாண்டியவர்களுக்கு.

ஓமோன்கள் என்பவை சுரப்பிகள் இரத்தத்தில் கலந்துவிடும் இரசாயனத் தகவல்கள். மூளையின் அடியில் கபச்சுரப்பி, கழுத்தின் முன்புறத்தில் தைரொயிட், சிறுநீரகத்தின் தலையில் அதிரீனல், வயிற்றுக்குள் சதையி, பெண்ணுக்குச் சூலகம், ஆணுக்கு விதை. கிருமி உடம்புக்குள் வந்ததும் இவை அத்தனையும் தங்கள் வேலையை மாற்றிக்கொள்கின்றன. அதிரீனல் கோட்டிசோலைக் கூட்டுகிறது. கல்லீரல் சீனியை இரத்தத்தில் கொட்டுகிறது. தைரொயிட்டின் வேகம் குறைகிறது. பிள்ளை பெறுவதற்கான ஓமோன்கள் பின்னுக்குப் போகின்றன. உயிரைக் காக்க உடம்பு தானே எடுக்கும் முடிவு இது. நோய் விட்டதும் ஒவ்வொன்றும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். பெரும்பாலானவர்களுக்குத் திரும்பிவிடும். ஆனால் எல்லாம் ஒரே நாளில் திரும்புவதில்லை. சிலருக்கு ஒரு சுரப்பி வழியில் நின்றுவிடுகிறது.

அதில் நான் மிக அதிகமாகக் கவலைப்படுவது தைரொயிட்டைப் பற்றி. அது குணமாகக்கூடியது, ஆனால் ஆளை ஏமாற்றக்கூடியது.

வைரஸ் காய்ச்சல் ஒன்று வந்து போய் இரண்டு முதல் ஆறு அல்லது எட்டுக் கிழமைக்குள் சிலருக்குக் கழுத்தின் முன்பக்கம் நோகத் தொடங்கும். விழுங்கும்போது நோகும். நோ காதுக்கும் தாடைக்கும் ஏறும். பல்லு வலி என்று பல் வைத்தியரிடம் போனவர்கள் இருக்கிறார்கள்; தொண்டைப் புண் என்று நினைத்து அன்ரிபயோட்டிக் குடித்து முடித்தவர்களும் இருக்கிறார்கள். மெல்லிய காய்ச்சல் திரும்ப வரும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், நித்திரை வராது, உடம்பு மெலியும். சுவிற்சர்லாந்துச் சத்திர சிகிச்சையாளர் பிரிட்ஸ் டி கேர்வெய்ன் இதை 1904இல் விரிவாக விவரித்ததால் இன்றும் அவர் பெயராலும் வழங்குகிறது. தைரொயிட்டின் அழற்சி என்று நாங்கள் சொல்லுவோம். ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில் கூடுதல்.

உள்ளே நடப்பது இதுதான். தைரொயிட் தன் ஓமோனை அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கே அனுப்புவதில்லை. இரண்டு மூன்று மாதத்துக்குப் போதுமானதைச் சேர்த்து வைத்திருக்கும். வைரஸைத் தொடர்ந்து வரும் அழற்சியில் அந்தச் சேமிப்பு உடைகிறது. கொம்பறையின் சுவர் வெடித்து நெல் முற்றமெல்லாம் சிந்துவதை நினைத்துப் பாருங்கள். முதலில் எங்கு பார்த்தாலும் நெல். சில கிழமை கழித்துக் கொம்பறை வெறுமை. சுவரைக் கட்டி அடுத்த போகம் விளையும் வரைக்கும் பஞ்சம். அதேபோலத்தான் முதல் சில கிழமைகள் இரத்தத்தில் ஓமோன் அளவுக்கு மீறும். பிறகு சில மாதங்கள் குறையும். அந்த நேரத்தில் களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முகம் ஊதல், மனம் சோர்தல். ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு எல்லாம் சரியாகும். நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேருக்கு மட்டும் குறைபாடு நிலைத்துப்போகும். அவர்களுக்குத் தைரொக்சின் மாத்திரை தொடர்ந்து தேவை.

இப்போது பாருங்கள், ஒரே நோயாளி. மூன்றாம் கிழமையில் இரத்தம் எடுத்தால் தைரொயிட் "கூட" என்று வரும். மூன்றாம் மாதம் எடுத்தால் "குறைய" என்று வரும். பத்தாம் மாதம் எடுத்தால் ஒன்றும் இல்லை. ஒருதரம் மாத்திரம் எடுத்த சோதனையை நம்பி மருந்து தொடங்கினால் பிழை நேர இடம் உண்டு. கூடுதலாக இருக்கிறது என்று கண்டு, ஓமோன் உற்பத்தியைத் தடுக்கும் கார்பிமசோல் கொடுப்பதில் இந்த நோய்க்குப் பலன் இல்லை. சுரப்பி கூடுதலாக உற்பத்தி செய்யவில்லை, உடைந்து சிந்துகிறது. தேவைப்படுவது நோவைக் குறைக்கும் மருந்து, படபடப்புக்கு புரொப்பிரனலோல் போல ஒன்று, கடுமையானால் சில கிழமைக்கு ஸ்டீரொயிட். குறைந்த கட்டத்தில் தைரொக்சின் தேவைப்படலாம். ஆனால் அந்த மாத்திரையைத் தொடங்கும்போதே எப்போது நிறுத்திப் பார்ப்பது என்பதும் எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் வருடக்கணக்காக கிளினிக் கொப்பியில் ஒரே வரி திரும்பத் திரும்ப எழுதப்படும். ஏன் தொடங்கியது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

கொவிட்டுக்குப் பிறகு இந்த நோய் வரும் என்று முதலில் பதிவானது இத்தாலியின் பீசா நகரில், 2020இல், 18 வயதுப் பெண் ஒருவருக்கு. பிறகு உலகெங்கும் பதிவுகள் வந்தன. அதே வருடம் மிலான் நகர மருத்துவர்கள், தீவிர கவனிப்பில் இருந்த கொவிட் நோயாளர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேரளவில் தைரொயிட் ஓமோன் மிகுந்திருந்ததைக் கண்டார்கள். முந்திய வருடம் அதே போன்ற விடுதியில் வேறு நோய்களோடு இருந்தவர்களில் அது நூற்றுக்கு ஒன்றுதான். டெங்குவுக்குப் பிறகும் தைரொயிட் அழற்சி தெற்காசியாவில் தனித்தனி நோயாளர் குறிப்புகளாகப் பதிவாகியிருக்கிறது. அடிக்கடி நடப்பது இல்லை. ஆனாலும் ஒரு மாரியில் இத்தனை பேர் காய்ச்சலில் விழும் ஊரில் அரிதானதும் யாரோ ஒருவருடைய வீட்டுக் கதவைத் தட்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு விடுதியில் கிடக்கும்போதோ, வீட்டுக்கு வந்த முதல் இரண்டு கிழமையிலோ தைரொயிட் சோதனை செய்தால் கணக்குப் பிழைத்து வரலாம். கடும் நோயில் ஓமோன் இயல்பாகவே இறங்கும். தேறும்போது, தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனான ரி.எஸ்.எச். அளவு கொஞ்சக் காலத்துக்கு இயல்பைத் தாண்டி ஏறும். சுரப்பி நலமாகவே இருக்கும். காகிதத்தில் மட்டும் நோய் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து ஆயுள் மாத்திரைக்குப் போய்விடாதீர்கள். கழுத்து நோ, நடுக்கம் போன்ற தெளிவான அறிகுறி இருந்தால் உடனே பாருங்கள். வெறும் களைப்பு என்றால் ஆறு முதல் எட்டுக் கிழமை விட்டுச் சோதியுங்கள். கோளாறு வந்தால் இன்னும் ஆறு கிழமையில் திரும்பச் செய்யுங்கள்.

அதனால்தான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் வீடுகளில் சுவரில் நாட்காட்டி இல்லாத வீடு இல்லை. விரதம், திருவிழா, அந்தியேட்டி எல்லாம் அதில் வட்டம் போட்டிருக்கும். காய்ச்சல் தொடங்கிய நாளையும் விட்ட நாளையும் அதிலேயே குறியுங்கள். கழுத்து நோ எப்போது தொடங்கியது, தலைமயிர் எப்போது கொட்டத் தொடங்கியது, மாதவிடாய் எந்தத் திகதி தவறியது, எல்லாவற்றையும் குறியுங்கள். சுரப்பி நோய்களில் "என்ன" என்ற கேள்விக்குப் பாதி விடை "எப்போது" என்பதில் இருக்கிறது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி, பிறகு பஸ் பிடித்து வருகிற ஒருவருக்கு மூன்று தரம் வந்து போவது எவ்வளவு பாடு என்பது எனக்குத் தெரியும். திகதிகள் கையில் இருந்தால் அந்த மூன்று பயணத்தில் ஒன்றாவது மிஞ்சும்.

தலைமயிரைப் பற்றிச் சொன்னேன். கடும் காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து மயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது வழமை. சுரப்பிக் கோளாறு இல்லாமலே இது நடக்கும். ஆறு மாதமளவில் தானாக நிற்கும். பெண் பிள்ளைகள் அழுதுகொண்டு வருவார்கள். இதைக் கேள்விப்பட்டு கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சித்தி ஒரு போத்தல் அனுப்புவார், "ஹெயார் விற்றமின்" என்று. அதில் பயோட்டின் மிக அதிக அளவில் இருக்கும். பயோட்டின் குடித்துக்கொண்டு இரத்தம் கொடுத்தால் பல ஆய்வுகூட இயந்திரங்களில் தைரொயிட் முடிவு பிழையாக, சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வதுபோலக் காட்டும். ஆகவே சோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னரே அதை நிறுத்துங்கள். குடித்த விடயத்தை மருத்துவரிடமும் சொல்லுங்கள். அன்பில் வந்த போத்தல்தான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது ஸ்டீரொயிட். இதில் எனக்குக் கோபமே உண்டு.

2020 ஜூனில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் நடத்திய ரிகவரி ஆய்வு, ஒட்சிசன் தேவைப்படும் கொவிட் நோயாளர்களுக்கு டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட்டை நாளொன்றுக்கு 6 மில்லிகிராம், பத்து நாள் வரை கொடுத்தால் உயிர் காக்கும் என்று காட்டியது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மலிவான, பழைய மருந்து. அந்த நற்செய்தி ஊரூராகப் பரவியபோது நிபந்தனைகள் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் நன்மை இல்லை என்று அதே ஆய்வு சொன்னது எத்தனை பேருக்குத் தெரியும்? டெங்குவுக்கும் ஸ்டீரொயிட் பலன் தருவதாக நிரூபிக்கப்படவில்லை. சிக்குன்குன்யாவில் மூட்டு நோ மாதக்கணக்கில் நிற்கும். 2024 கடைசியில் அந்தக் காய்ச்சல் கொழும்புப் பக்கம் மறுபடி எழும்பியது. நோ தாங்கமுடியாமல், பெயர் ஒட்டாத கடதாசிப் பையில் வெள்ளை மாத்திரைகளை வாங்கிக் குடிக்கிறவர்களை எல்லா ஊரிலும் காணலாம். குடித்த அன்றே நோ பறந்துவிடும், சாப்பாடு இறங்கும், முகம் உருண்டு "தேறின" மாதிரித் தெரியும்.

வெளியிலிருந்து ஸ்டீரொயிட் வந்துகொண்டிருக்கும்போது அதிரீனல் தன் கோட்டிசோலைச் செய்வதை நிறுத்திவிடுகிறது. மூன்று நான்கு கிழமைக்கு மேல் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வெளியிலிருந்து வருவதும் இல்லை, உள்ளே சுரப்பதும் இல்லை. எழும்பினால் தலை சுற்றும். வாந்தி வரும். பிரஷர் விழும். சாதாரண வயிற்றோட்டம் ஒன்றே ஆளை விழுத்திவிடும். உயிராபத்தும் உண்டு. அதனால், பெயர் தெரியாத மாத்திரை குடித்தவர்கள் நிறுத்துவதற்கு முன் அந்தப் பையையே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள். மறைக்க வேண்டாம். ஏசுவார்கள் என்று பயந்து மறைத்தவர்களைத்தான் நாங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் காண்கிறோம்.

மருந்து இல்லாமலும் வைரஸ் அதிரீனலைச் சோர வைக்குமா என்ற கேள்வி கொவிட்டுக்கு முன்னரே எழுந்தது. 2003இல் சார்ஸ் நோயிலிருந்து பிழைத்த 61 பேரைச் சிங்கப்பூரில் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் 24 பேருக்குக் கோட்டிசோல் குறைந்திருந்தது. அந்த 24 பேரில் பெரும்பாலானோர் ஒரு வருடத்துக்குள் தேறினார்கள். மூளையிலிருந்து வரும் கட்டளையே தளர்ந்திருந்தது என்று அந்த மருத்துவர்கள் கருதினார்கள். இருபது வருடம் கழித்து, 2023இல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுங்கொவிட் உள்ளவர்களின், அதாவது தொற்று விட்டும் மாதக்கணக்கில் அறிகுறி நீங்காதவர்களின், கோட்டிசோல் மற்றவர்களுடையதில் பாதியளவே இருந்ததாக எழுதினார்கள். எல்லா ஆய்வுகளும் அதை உறுதிசெய்யவில்லை. என்றாலும் அந்தச் சிங்கப்பூர்க் கணக்கை நான் மறப்பதில்லை. எழும்ப ஏலாமல் கிடக்கிறேன் என்று சொன்ன மனிதர்களின் இரத்தத்தில் அதற்குரிய காரணம் அளவிடக்கூடியதாக இருந்தது.

கோட்டிசோலை அளப்பதென்றால் காலை எட்டு ஒன்பது மணிக்கு இரத்தம் கொடுக்க வேண்டும். மத்தியானம் கொடுத்தால் இயல்பாகவே குறைந்திருக்கும். ஆண்களின் தெஸ்தெஸ்தரோனும் அப்படித்தான். "ஓமோன் எல்லாம் ஒரே சோதனையில்" என்று விலைப்பட்டியல் போட்டு விற்கும் தொகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள். களைத்துப் போனவருக்கு முதலில் பார்க்க வேண்டியவை ஹீமோகுளோபின், சீனி, உரிய காலத்தில் தைரொயிட். அவை மூன்றும் சரியென்றால்தான் மேலே யோசிக்க வேண்டும். விரதத்தைப் பற்றியும் ஒரு சொல். கந்தசஷ்டி, திருவெம்பாவை, காய்ச்சல் மூன்றும் எங்களுக்கு ஒரே மழைக்காலத்தில் வருகின்றன. நோயிலிருந்து எழும்பி ஒரு மாதம் ஆகாதவர்கள் இந்த முறை உபவாசத்தை விடுங்கள். முருகன் கோபிக்க மாட்டான்.

சீனியைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே அறிந்தது அதிகம், ஆகையால் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது நீரிழிவு இருக்கிறது, பலருக்குத் தெரியாமலே. காய்ச்சல் நேரத்தில் சீனி ஏறினால் அது தற்காலிகமாக இருக்கலாம், ஸ்டீரொயிட்டால் இருக்கலாம், முன்பே ஒளிந்திருந்த நோயாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் கொவிட் வந்த 181,000க்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர்களை வைத்துச் செய்த, 2022இல் வெளியான ஆய்வில், தொற்றுக்குள்ளானவர்களுக்கு அடுத்த ஒரு வருடத்தில் நீரிழிவு வரும் அபாயம் மற்றவர்களைவிட 40 வீதம் அதிகமாக இருந்தது. ஆகவே விடுதியில் சீனி கூட இருந்தது என்று சொல்லப்பட்டவர்கள் மூன்று மாதத்தில் வெறுவயிற்றுச் சீனியோ, சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. சோதனையோ செய்யுங்கள். தேறுகிறதற்கென்று குளுக்கோஸ் மாவும் இனிப்புச் சோடாவும் மாதக்கணக்கில் குடிப்பதை நிறுத்துங்கள். இளநீரும் கஞ்சியும் காய்ச்சல் நாட்களில் தேவையானவை; தேறிய பிறகு வழமைச் சாப்பாடு போதும்.

பெண்களுக்கு.

மாதவிடாயைப் பற்றி எங்கள் வீடுகளில் இன்னும் கதவுக்குப் பின்னால்தான் பேச்சு. டெங்கு விடுதியில் அது உயிரோடு தொடர்புள்ள விடயம். இரத்தத் தட்டணுக்கள் விழுந்திருக்கும் நேரத்தில் மாதவிடாய் வந்தால் போக்கு மிகுதியாகலாம். அதனால் மருத்துவர்கள் சிலருக்கு நோரெதிஸ்தெரோன் என்ற ஓமோன் மாத்திரை கொடுத்துத் தள்ளிப்போடுவார்கள் அல்லது போக்கைக் குறைப்பார்கள். அதை நிறுத்தி இரண்டு மூன்று நாளில் போக்கு வரும். அதன் பிறகு வரும் ஒன்றிரண்டு மாதம் திகதி முன்பின்னாகலாம். இதைச் சொல்லாமல் துண்டு வெட்டி அனுப்பினால் பெண் வீட்டில் இருந்து பயப்படுகிறாள். திருமணம் பேசிக்கொண்டிருக்கும் வீடென்றால் தாயின் பயம் இன்னொரு மடங்கு. விடுதியில் என்ன மாத்திரை தந்தார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை எதுவும் குடிக்காதவர்களுக்கும் இது நடக்கும். வூகானில் கொவிட் வந்த 177 பெண்களைப் பார்த்தபோது நான்கில் ஒருவருக்குப் போக்கின் அளவும், கிட்டத்தட்ட அதேயளவு பேருக்கு நாட்களின் இடைவெளியும் மாறியிருந்தன. சூலக ஓமோன்களைச் சோதித்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றிரண்டு மாதங்களில் பெரும்பாலானவர்களுக்கு வழமைக்குத் திரும்பிவிட்டது. மகளே, தங்கச்சி, உன் பிள்ளை பெறும் சக்தி போய்விடவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் வராவிட்டால் வா. கர்ப்பமா என்று முதலில் பார்ப்போம், பிறகு தைரொயிட், பிறகு மற்றவை. பெண் ஒருவருக்குக் கடும் காய்ச்சலுக்குப் பிறகு தாங்க முடியாத தலையிடியும் பார்வை மங்கலும் வாந்தியும் வந்தால் அது வேறு கதை. டெங்குவில் கபச்சுரப்பிக் கட்டிக்குள் இரத்தம் கசிந்த சம்பவங்கள் மிக அரிதாகப் பதிவாகியுள்ளன. ஆணுக்கும் அது பொருந்தும். அன்றே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆண்கள் என்னிடம் கேட்காமல் போகிற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். எந்தக் கடும் நோயிலும் தெஸ்தெஸ்தரோன் விழும். உடம்புச் சேர்க்கையில் விருப்பம் குறையும், எரிச்சல் வரும், தசை தளரும். மாதங்களில் திரும்பும். ஊசி போட்டு ஏற்ற வேண்டியதில்லை. அந்த ஊசி உள்ள சுரப்பையும் விந்தையும் குறைத்துவிடும். பெரிய ஆணுக்குக் கூகைக்கட்டு வந்து விதை வீங்கினால் மட்டும் தாமதிக்க வேண்டாம். 2011இல் இருந்து எங்கள் பிள்ளைகளுக்கு அதற்குத் தடுப்பூசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த பலருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

கடைசியாகப் பிள்ளைகள். 2023ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2024 ஜனவரியில் நடந்தது, டெங்கு உச்சத்தில் இருந்த அதே மாதம். அடுத்த ஆண்டுக்குரிய பரீட்சையும் நவம்பர் டிசம்பர் மழைக்குள் வந்தது. காய்ச்சலிலிருந்து எழும்பிய கையோடு விடிய நாலு மணிக்கு எழும்பிப் படிக்கச் சொல்லப்பட்ட பிள்ளைகள் இந்தக் குடாநாட்டில் எத்தனை பேர்! ரியூட்டரிக்குப் போய் மேசையில் தலை வைத்துப் படுத்த பிள்ளையை வகுப்புக்கு முன்னால் எழுப்பி நிறுத்துவதை நான் கேள்விப்படுகிறேன். அந்தப் பிள்ளையின் கோட்டிசோல் காலையில் எழும் தாளத்துக்குத் திரும்ப நாளெடுக்கும். நித்திரை குறைந்தால் இன்னும் பிந்தும். இரண்டு முதல் நான்கு கிழமை களைப்பு இயல்பு. அந்தக் காலத்தில் எட்டு மணித்தியாலம் படுக்க விடுங்கள், மத்தியானம் அரை மணித்தியாலம் கூடப் படுக்கட்டும், பாடத்தைப் பாதியாக்குங்கள். அதிபர்மாரிடமும் ரியூசன் ஆசிரியர்மாரிடமும் இதைக் காட்டுங்கள். ஒரு மாதம் தாண்டியும் எழும்பாத பிள்ளையை, மெலிந்துகொண்டே போகிற பிள்ளையை, அடிக்கடி தண்ணீர் குடித்துச் சலம் போகிற பிள்ளையைக் கூட்டி வாருங்கள். தண்ணீர்த் தாகத்தோடு வருகிற பிள்ளைக்கு அன்றே சீனி பார்க்க வேண்டும். மறுநாள் என்று தள்ள வேண்டாம்.

நீங்கள் கேட்க உரிமையுள்ள ஒன்றைச் சொல்கிறேன். விடுதியிலிருந்து வீட்டுக்கு வரும்போது கையில் தரும் துண்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. உங்களில் பலர் அதைப் பொலித்தீன் உறையில் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள், வாசிக்காமல். சாமுவேல் கிறீன் என்ற வைத்தியர் 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து வைத்தியர்களை உருவாக்கிய குடாநாடு இது. அதே மண்ணில், "ஆறு கிழமையில் தைரொயிட் பாருங்கள், மூன்று மாதத்தில் சீனி பாருங்கள், இந்த மாத்திரையைத் திடீரென நிறுத்த வேண்டாம்" என்று மூன்று வரி தமிழில் எழுதுவது எங்களால் முடியாத காரியம் இல்லை. நாங்கள் எழுதாவிட்டால் நீங்கள் கேளுங்கள். துண்டு வெட்டும் மருத்துவரிடம், "ஐயா, இதைத் தமிழில ஒருக்கா எழுதித் தாங்கோ" என்று கேளுங்கள். விடுதியில் சனம் நிறைந்திருக்கும், மருத்துவர் களைத்திருப்பார், ஆனாலும் கேளுங்கள். எழுதுவார்கள். மந்திகை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை, எந்த ஆதார வைத்தியசாலை என்றாலும் அங்கிருந்தே சுரப்பி நோய்க்கான மருத்துவருக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

வரும்போது எல்லாத் துண்டுகளையும், கிளினிக் கொப்பியையும், குடிக்கிற மாத்திரைகளின் வெற்று அட்டைகளையும், வெளிநாட்டுப் போத்தலையும், நீங்கள் திகதி குறித்த நாட்காட்டித் தாளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். இரத்தம் கொடுப்பதென்றால் காலையில் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் குடும்ப மருத்துவர்களில் ஒருவர்
யாழ்ப்பாணம்